19 பெட்டிகளில் வந்த கழுகு

ஐயா பயர்மன். காங்கேசன்துறைப் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிய கடைசி வருடங்களில் நிலக்கரி அள்ளிப் போட்டவர். வேலை முடிந்து விடியற்காலையில் வந்து படலையைத் திறக்கும்போது ஆளுக்கு முன் மணம் வந்துவிடும். கரி, எண்ணெய், வியர்வை மூன்றும் சேர்ந்த மணம். சவள் பிடித்துக் காய்த்த உள்ளங்கையால் என் தலையைத் தடவிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவார். "எஞ்சின் மூச்சு விடுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் நெருப்புக்குத் தீனி போடவேணும் தம்பி" என்பார். எங்கள் ஊரில் றெயிலைக் கோச்சி என்போம். பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் புகையிரதம்.

1985-ல் நான் நூர்ன்பேர்க் வந்து சேர்ந்தேன். கொஞ்சக் காலம் நின்று, நாடு அமைதியானதும் திரும்பிப் போவதுதான் எண்ணம். ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. கிழக்கே கோஸ்டன்ஹோஃப் பகுதியில் அறை, மேற்கே ஃபியூர்த் நகரத்தில் வேலை. காலையிலும் மாலையிலும் யூ-1 சுரங்க றெயில். பாதி வழியில் அது நிலத்துக்கு மேலே வந்து, ஃபியூர்தர் வீதியை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும். ஜேர்மனியின் முதல் நீராவி றெயில் ஓடிய வழியில்தான் தினமும் போய் வருகிறேன் என்பது எனக்கு ஒரு வருடம் வரை தெரியாது. அந்த வீதியில் நிற்கும் நினைவுச் சின்னத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. 1835 டிசம்பர் 7. எஞ்சினின் பெயர் ஆட்லர். ஆட்லர் என்றால் கழுகு.

அடுத்த ஞாயிறு லெசிங் வீதியில் இருக்கும் றெயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிறகு எத்தனை தரம் போனேன் என்று கணக்கில்லை. நான் படித்தவன் அல்லன். ஆனால் ஓர் இயந்திரத்தைப் பார்த்தால் அதைக் கட்டியவன் எதற்குப் பயந்தான், எதை நம்பினான் என்று ஓரளவு சொல்லுவேன். அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜேர்மன் மண்ணில் கட்டப்பட்ட முதல் நீராவி வண்டி ஆட்லர் அல்ல. 1816-லேயே பேர்லின் அரச இரும்பு வார்ப்பாலையில் கிரீகர் என்பவர் இங்கிலாந்தில் பார்த்து வந்த பற்சக்கர எஞ்சினைப் போல ஒன்று செய்தார். அது வேலைக்கு ஓடவில்லை. ஜேர்மன் கைகளே வடிவமைத்துக் கட்டி, ஒழுங்காக ஓடிய முதல் எஞ்சின் டிரெஸ்டன் பக்கத்து சக்சோனியா. அதைச் செய்த பேராசிரியர் யோகான் ஆண்ட்ரியாஸ் சூபர்ட், 1839 ஏப்ரலில் லைப்சிக் - டிரெஸ்டன் பாதை திறந்தபோது அதைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஆட்லர் இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பிறப்பால் ஆங்கிலேய எஞ்சின் அது. இருந்தும் ஜேர்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அதனுடையதுதான்.

பாதையைப் போட்டவர்கள் வியாபாரிகள். நூர்ன்பேர்க்கின் கியோர்க் சக்கரியாஸ் பிளாட்னர், யோகானஸ் ஷாரர் இருவரும்தான் முன்னின்றார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையில் 6 கிலோமீட்டர். வழியில் மலையில்லை, ஆறில்லை. வீதியிலோ எந்நேரமும் கூட்டம். கூட்டத்துக்குக் காரணங்கள் பல, அவற்றில் ஒன்று எனக்கு நெஞ்சில் தைத்தது. நூர்ன்பேர்க்கில் யூதர்கள் குடியிருக்க 1850 வரை அனுமதி இல்லை. ஃபியூர்த்தில் பெரிய யூதச் சமூகம் இருந்தது. அவர்களுடைய வியாபாரமோ பெருமளவு நூர்ன்பேர்க்கோடு. காலையில் போய்ப் பொழுது சாய முன் திரும்ப வேண்டிய ஆட்கள் அவர்கள்.

பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் தன் பெயரைப் பாதைக்குக் கொடுத்தார். காசு கொடுக்க அவ்வளவு மனமில்லை. மைன் ஆற்றையும் டான்யூப்பையும் இணைக்கும் கால்வாயில்தான் அவருக்கு ஆசை. அரசாங்கம் வாங்கியது இரண்டே இரண்டு பங்கு. மீதியெல்லாம் ஊர்ப் பணம். பொறியியலாளராக வந்தவர் பௌல் கமீல் டெனிஸ், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாதைகளைப் பார்த்துத் திரும்பியவர். தண்டவாளத்தை ரைன் கரையில் ரசல்ஷ்டைன் ஆலை உருட்டிக் கொடுத்தது. ஆக, தண்டவாளம் ஜேர்மனியது, பெட்டிகள் ஜேர்மனியவை. எஞ்சினையும் உள்நாட்டில் செய்விக்கப் பார்த்தார்கள். பேசிய விலைக்குச் செய்து தர ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் 1835 மே மாதம் நியூகாசிலுக்கு, ராபர்ட் ஸ்டீவன்சன் கொம்பனிக்கு ஓடர் போனது.

அந்தக் கொம்பனியின் 118-ஆம் எஞ்சின் இது. இங்கிலாந்தில் பூட்டி, பிறகு கழற்றி, 19 மரப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாகங்கள். லண்டனிலிருந்து கப்பலில் ரொட்டர்டாம்; அங்கிருந்து வள்ளத்தில் ரைன் நதி வழியே மேலே. அந்தக் கோடையில் ரைனில் தண்ணீர் வற்றியிருந்தது. பயணம் நாட்கணக்கில் இழுபட்டது. கடைசித் தூரத்தைக் குதிரை வண்டிகளில் கடந்து ஒக்டோபர் 26-ல் பெட்டிகள் நூர்ன்பேர்க் வந்தன. இறக்குமதிச் செலவோடு மொத்தம் 13,930 குல்டன்.

ஃபிட்டர் வேலை செய்தவனுக்குத்தான் அந்த 19 பெட்டியின் பாரம் தெரியும். எங்கள் தொழிற்சாலைக்கும் அப்படிப் பெட்டிகள் வரும். திறந்தால் வைக்கோலுக்கு நடுவே எண்ணெய் பூசிய இரும்பு. வரைபடம் ஒன்று சொல்லும், பாகம் ஒன்று சொல்லும். இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அது வெறும் இரும்புக் குவியல். ஸ்டீவன்சனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் பெட்டிகளோடு ஓர் ஆளையும் அனுப்பினார். வில்லியம் வில்சன், 26 வயது, நியூகாசிலுக்குப் பக்கத்து வால்போட்டில் ஊர்க்காரர். ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான். வந்து, பூட்டி, ஓட்டிக் காட்டி, உள்ளூர் ஆட்களைப் பழக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

யோகான் வில்ஹெல்ம் ஷ்பேத் என்பவரின் பட்டறையில் வேலை நடந்தது. உதவிக்கு நின்றவர்கள் உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும். நீராவி எஞ்சினை அவர்களில் அநேகர் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. வில்சனுக்கு ஜேர்மன் மொழி வராது. சுத்தியலையும் ஸ்பானரையும் காட்டிக் காட்டி அவர் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் போனது. போர்மன் ஒருவர் என் கையைப் பிடித்து போல்ட்டின் மேல் வைத்து எவ்வளவு இறுக்கம் போதும் என்று காட்டுவார். சொல் தெரியாவிட்டாலும் கைக்கு விளங்கும்.

இங்கே பாதையில் ஒரு பிழையும் வெளிப்பட்டது. போட்டிருந்த தண்டவாளங்களின் இடைவெளி ஸ்டீவன்சனின் அளவைவிட ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு ஒடுக்கம். 16 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் சக்கரத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. பாதையைத்தான் எஞ்சினுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையில் இருந்த 1,435 மில்லிமீட்டர் இப்படித்தான் ஜேர்மனிக்குள் வந்தது. இன்றைக்கும் அந்த நாட்டுத் தண்டவாளங்களின் அகலம் அதுவே.

இனி எஞ்சின்.

ஆட்லருக்கு ஆறு சக்கரங்கள். நடுவில் 1,372 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய சோடி; முன்னும் பின்னும் 915 மில்லிமீட்டரில் சின்னச் சோடிகள். இழுக்கும் வேலை நடுச்சோடிக்கு மட்டும். ஸ்டீவன்சன் 1833-ல் காப்புரிமை பெற்ற 'பேட்டன்டீ' வகை இது. அதற்கு முந்தைய 'பிளானட்' வகைக்கு நாலே சக்கரங்கள்தான். நெருப்புப் பெட்டியின் பாரம் பின் அச்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டு நின்றது. வேகம் எடுத்தால் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். பாரம் ஒரே இடத்தில் குத்தும். அந்தக் காலத்து மெல்லிய தண்டவாளம் உடையும். பின்னால் மேலும் ஒரு சோடிச் சக்கரம் வைத்ததும் பாரம் பகிர்ந்துபோனது, ஆட்டமும் அடங்கியது. பெரிய பொயிலர் வைக்கவும் இடம் கிடைத்தது.

ஆனால் ஆறு சக்கரம் வைத்தால் வேறொரு தொல்லை வரும். எஞ்சின் நீளும், வளைவில் திரும்ப மறுக்கும். நடுச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் போய் முட்டும். நடுச் சக்கரத்தின் அச்சோ சாதாரண அச்சல்ல. இரண்டு சிலிண்டர்களும் எஞ்சினுக்குள்ளே, புகைப்பெட்டியின் அடியில் கிடையாகப் படுத்திருக்கின்றன. பிஸ்டன் தள்ளும் தண்டு இந்த அச்சைத்தான் பிடித்துச் சுற்றுகிறது. ஆகவே அச்சு நேராக இருக்க முடியாது. இரண்டு இடத்தில் முழங்கையைப் போல மடிந்த கிராங்க் அச்சு. அப்படி ஒன்றைத் தட்டி எடுப்பது அந்தக் காலத்துக் கொல்லனுக்கு மரணப் பரீட்சை. மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஒரு நாள் ஓட்டத்தில் முறியும். பக்கவாட்டு உதையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஸ்டீவன்சன் கண்ட வழி, நடுச் சக்கரத்துக்கு விளிம்பே இல்லாமல் விட்டதுதான். முன்சக்கரமும் பின்சக்கரமும் விளிம்போடு பாதையைப் பிடித்துக்கொள்ள, நடுச் சக்கரம் மொட்டையாகத் தண்டவாளத்தின் மேல் உருளும். பக்கத்து உதை அச்சுக்கு வராது. அருங்காட்சியகத்தில் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்த நாளில் வெகுநேரம் அவ்விடத்திலேயே நின்றேன். எதையும் கூட்டாமல், இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டுத் தீர்த்த பிரச்சினை. முப்பது வருட ஃபிட்டர் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல தீர்வுகள் அதிகமும் இந்த வகைதான்.

சட்டகம் மரம். வலிமையான மரக்கட்டைக்கு இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மாட்டு வண்டிக்காரருக்கு இதன் நியாயம் உடனே விளங்கும். முழு இரும்பாக இருந்தால் தண்டவாளத்தின் ஒவ்வொரு மூட்டிலும் விழும் அடி நேரே பொயிலரில் போய் இடிக்கும். மரம் கொஞ்சம் வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

பொயிலருக்குள்ளே 62 குழாய்கள். நெருப்பின் வெப்பக் காற்று அவற்றுக்குள்ளால் ஓட, சுற்றிலும் தண்ணீர். ஒரு பெரிய குழாயைவிடச் சின்னக் குழாய்கள் பல இருந்தால் தண்ணீர் தொடும் பரப்பு பல மடங்கு கூடும். ஆட்லரில் அது 18 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். நீராவியின் அழுத்தம் 3.3 பார், இன்றைய சைக்கிள் டியூப்பிலும் அவ்வளவு இருக்கும். சிலிண்டரின் விட்டம் 229 மில்லிமீட்டர், பிஸ்டன் போய் வரும் தூரம் 406. ஒரு பிஸ்டனில் விழும் தள்ளுவிசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 1,400 கிலோ. எஞ்சினின் மொத்தச் சக்தி 41 குதிரைத் திறன், ஓடும் நிலையில் எடை 14 தொன்னுக்குக் கிட்ட. வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கிக்குள் ஊத, அது போகும் வேகத்தில் நெருப்பை இழுத்துக்கொண்டு போகும். நெருப்பு கொழுந்து விடும், ஆவி கூடும். வேகம் கூடக்கூட எஞ்சின் தன் நெருப்பைத் தானே ஊதிக்கொள்ளும். ஐயா சொன்ன மூச்சு இதுதான்.

ஆனால் இன்னும் குழந்தைப் பருவத்து எஞ்சின் அது. சிலிண்டருக்குள் போகும் ஆவியைத் தேவைக்கு ஏற்றபடி பாதியில் நிறுத்தி, மீதிக்கு விரிய விடும் ஏற்பாடு இல்லை. அதற்கான இணைப்பு முறை 1842-ல்தான் ஸ்டீவன்சனின் ஆலையில் பிறந்தது. தண்ணீர் ஏற்றும் பம்ப் எஞ்சினின் ஓட்டத்தில்தான் இயங்கும். நிலையத்தில் நின்றபடி தண்ணீர் குறைந்துவிட்டால் கொஞ்சத் தூரம் முன்னும் பின்னும் ஓடித்தான் பொயிலருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். எஞ்சினுக்கு பிரேக் கிடையாது. பின்னால் வரும் தெண்டர் வண்டியில் கையால் முறுக்கும் பிரேக் ஒன்று. அதை முறுக்குவது பயர்மன் வேலை. ஓட்டுநருக்கு மேலே கூரை இல்லை, முன்னே கண்ணாடி இல்லை. மழையோ பனியோ நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும்.

நவம்பர் 16-ல் ஒத்திகை ஓட்டம். டிசம்பர் 7 காலை திறப்பு விழா. நீண்ட கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து வில்சன் எஞ்சினில் நின்றார். பெட்டிகளில் 200 பேர். ஃபியூர்த் போய்ச் சேர 9 நிமிடம். சக்கரத்தின் சுற்றளவை வைத்து நான் கணக்கிட்டேன். 6 கிலோமீட்டரில் பெரிய சக்கரம் 1,400 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு. 9 நிமிடத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தால் செக்கனுக்குப் பத்து மூச்சு. கேட்டவர்களுக்கு அது மூச்சாகவே கேட்டிருக்காது. ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும்.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பவேரிய வைத்தியர்கள் கூடி, இந்த வேகத்தில் போனால் பயணிகளுக்கும் பார்ப்பவர்களுக்கும் மூளை கலங்கும், பாதையின் இரு பக்கமும் உயர்ந்த வேலி அடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்களாம். அப்படி ஓர் அறிக்கையை எவரும் எந்தக் காப்பகத்திலும் கண்டெடுத்ததில்லை. பிற்காலத்தில் கட்டிய கதை. அந்தக் காலத்து மக்களை மூடர்களாக்கும் இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. முதல் வருடத்திலேயே 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் ஏறினார்கள். பயந்தவர்கள் செய்யும் காரியமா அது?

உண்மையில் தொல்லை கொடுத்தது நிலக்கரியின் விலை. ஃபிராங்கோனியாவில் நிலக்கரி இல்லை. சக்சோனியிலிருந்து குதிரை வண்டியில் ஏற்றி வர வேண்டும். அதனால் நாளில் பெரும்பாலான நடைகளைக் குதிரைகளே இழுத்தன. அதே தண்டவாளம், அதே பெட்டி, முன்னால் மட்டும் குதிரை. போய்ச் சேர 25 நிமிடம். மதியத்துக்குப் பிறகு இரண்டே நடைகளுக்கு ஆட்லர் வரும். ஜேர்மனியின் முதல் நீராவிப் பாதையில் 1860-கள் வரைக்கும் குதிரை ஓடியது. 1836 ஜூலையில் லெடரர் மதுவடிசாலையின் இரண்டு பீப்பா பியர் ஃபியூர்த்துக்கு ஏற்றப்பட்டது. ஜேர்மனியில் றெயில் ஏறிய முதல் சரக்கு அதுதான். அதே வருடம் 'ஃபைல்' என்ற இரண்டாவது எஞ்சின் ஸ்டீவன்சனிடமிருந்து வந்தது. ஃபைல் என்றால் அம்பு.

வில்சன் திரும்பிப் போகவில்லை. சில மாதம் ஒரு வருடமாயிற்று, வருடம் பல வருடங்களாயிற்று. கொம்பனிக்கு அவரை விட மனமில்லை. வருடச் சம்பளம் 1,500 குல்டன், அந்தக் காலத்தில் பெரிய தொகை. எஞ்சின் ஓட்டினார், பட்டறையையும் பார்த்தார், உள்ளூர்ப் பையன்களைப் பழக்கினார். அவர் ஓட்டும் நாளென்று தெரிந்தால் சனம் வந்து நின்று பார்க்கும். கூரையில்லாத மேடையில் வருடக் கணக்காக நின்றதில் நெஞ்சு பழுதாகி, மோசமான காலநிலையில் வேறொருவரை நிறுத்த வேண்டி வந்தது. ஐயாவுக்கும் ஐம்பது வயதிலேயே இருமல் தொடங்கிவிட்டது. முகத்துக்கு எதிரே நெருப்பு, முதுகுக்கு எதிரே பனிக்காற்று என்று நிற்கும் உடம்பு பிறகு எந்தச் சூட்டையும் குளிரையும் தாங்காது.

ஆட்லரும் களைத்தது. மற்றப் பாதைகளில் பெரிய எஞ்சின்கள் வந்துவிட்டன. 1857-ல் சக்கரங்களையும் சில பாகங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியை விற்றார்கள். ஆக்ஸ்பேர்க்கின் ரீடிங்கர் என்ற தொழிலதிபர் வாங்கினார். அதன் பிறகு அசல் ஆட்லரின் ஓர் ஆணிகூட உலகத்தில் இல்லை. முழு வரைபடமும் மிஞ்சவில்லை. அந்தப் பாதையின் பெட்டிகளில் 8-ஆம் இலக்கப் பெட்டி ஒன்று மட்டும் தப்பியது, மஞ்சள் நிறம், குதிரை வண்டியின் கூடுகளை ஒட்டவைத்த தோற்றம். அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அதில்தான் உண்மையான 1835 இருக்கிறது.

இன்று ஆட்லர் என்று ஓடுவது 1935-ல் நூற்றாண்டு விழாவுக்காகக் கைசர்ஸ்லவுட்டர்ன் றெயில்வே பட்டறையில் கட்டியது. பழைய சித்திரங்களையும் அரைகுறை வரைபடங்களையும் வைத்துக் கட்டினார்கள். கைகூடிய இடத்தில் அப்படியே, கூடாத இடத்தில் தங்கள் காலத்து இரும்பில். நல்ல வேலை. ஆனால் அந்த வருடத்தை நினைக்காமல் அதைப் பார்க்க என்னால் முடிவதில்லை. அந்த விழாவை நாசி அரசு தன் பெருமையாக எடுத்துக்கொண்டது. அதே 1935 செப்டம்பரில் இதே நூர்ன்பேர்க்கில்தான் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை வாசித்தார்கள். ஃபியூர்த்திலிருந்து காலையில் இந்தப் பாதையில் வந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதிரான சட்டங்கள். அசல் பாதை 1922-லேயே மூடியாயிற்று. ஃபியூர்த்தின் பழைய நிலையத்தை 1938-ல் இடித்தார்கள்.

2005 ஒக்டோபர் 17 இரவு, அருங்காட்சியகத்தின் எஞ்சின் கொட்டகையில் நெருப்புப் பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் எரிந்தும் கருகியும் போயின. உள்ளே 1935-ன் ஆட்லரும் நின்றது. மறுநாள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஜேர்மன் நண்பர் ஒருவர், ஆறடி உயரமான மனிதர், சாப்பாட்டு நேரத்தில் பேப்பரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரச் சட்டகம் கரியாகிவிட்டது. பொயிலரில் தண்ணீர் நிறைந்திருந்ததால் அது பிழைத்தது. ஊர் மக்கள் காசு சேர்த்தார்கள். மைனிங்கன் நீராவி எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுபோய், நன்றாகக் காய்ந்த மரம் தேடிச் சட்டகத்தைப் புதிதாகச் செய்து, 2007-ல் திரும்பக் கட்டி முடித்தார்கள். எரிந்ததைக் கழற்றி, துண்டு துண்டாக அளந்து, மறுபடி பூட்டியவர்களை நான் நேரில் கண்டதில்லை. அவர்களுடைய கை எப்படி வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் காங்கேசன்துறைப் பாதை போரால் 1990-ல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. வழியெங்கும் பற்றை மண்டியது. 2014-ல் புதிய தண்டவாளத்தில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது தொலைபேசியில் தம்பி ஹோர்ன் சத்தத்தைப் பிடித்து அனுப்பினான். ஐயா அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டார்.

மீளக் கட்டிய ஆட்லர் ஓடியதை ஒரு நாள் பார்த்தேன், பெரிய மகளோடு. ஓட்டுநர் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டிருந்தார். என் கண் பயர்மனில்தான். அவர் சவளைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொஞ்சம் சரித்து நின்றார். எஞ்சின் இரண்டு மூச்சு விட்டது. பிறகு ஒரு சவள் போட்டார்.

வில்சன் 1862 ஏப்ரலில் நூர்ன்பேர்க்கில் இறந்தார், 52 வயது. யோகானிஸ் மயானத்தில் புதைத்தார்கள். ஓவியர் டியூரரின் கல்லறையும் அங்கேதான். கிடைமட்டமாகப் படுத்திருக்கும் பெரிய மணற்கற்கள், அவற்றின் மேல் வெண்கலத் தகடுகள், கோடையில் சட்டிகளில் சிவப்புப் பூக்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நான் முதன்முதலாக அங்கே போனேன். கேட்டைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு கிழவி தண்ணீர் வாளியோடு நின்றார். யாருடைய கல்லறையைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். வில்சன், ஆட்லர் ஓட்டியவர் என்றேன். உடனே வாளியை வைத்துவிட்டுக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். கோஸ்டன்ஹோஃபிலிருந்து என்றேன்.